தவக்காலம், உயிர்ப்பு, இளவேனில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலத்தைக் கடைப்பிடிப்பவர்களும், அதை வெளியிலிருந்து பார்ப்பவர்களும் ஆண்டுதோறும் எழுப்பும் சில கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. லெந்து நாட்கள் என்றும் தவக்காலம் என்றும் வெவ்வேறு சபைகள் அழைப்பது ஈஸ்டருக்கு முந்தைய ஒரே நோன்புக்காலத்தைத்தான். சபைகளுக்கிடையே வழக்கம் வேறுபடும் இடங்களில் அந்த வேறுபாடும் சொல்லப்பட்டிருக்கிறது.

ஈஸ்டர் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருகிறது?

இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பாஸ்கா விழாவை ஒட்டிய நாளில் என்பதில் நான்கு நற்செய்திகளும் ஒத்துப்போகின்றன. பாஸ்கா நிலவைக் கொண்டு கணக்கிடப்படும் விழா. யூத நாட்காட்டியின் நிசான் மாதத்தின் 14ஆம் நாள் மாலையில், இளவேனிற்கால முழுநிலவையொட்டி அது தொடங்கும். எனவே அதையடுத்து இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர் பெருவிழாவும் நிலவோடு சேர்ந்தே நகர்கிறது.

தொடக்கத்தில் இதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கியின்) சபைகள் கிழமையைப் பாராமல் நிசான் 14ஆம் நாளையே கொண்டாடின. உரோமையில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டாடினார்கள். ஏறத்தாழ கி.பி. 155இல் சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப்பு உரோமைக்குச் சென்று ஆயர் அனிசேட்டுஸைச் சந்தித்தபோது, இருவரில் எவராலும் மற்றவரை இணங்க வைக்க முடியவில்லை. ஆயினும் நற்கருணையில் ஒன்றாகப் பங்குபெற்று, சமாதானத்தோடு பிரிந்தார்கள். தேதியைப் பற்றிய வாதங்களில் இந்த நிகழ்வுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும் என்பது என் எண்ணம்.

325இல் கூடிய நீசேயா பொதுச்சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்தது. காலப்போக்கில் நிலைபெற்ற விதி இதுதான்: மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இங்கே முழுநிலவு என்பது வானத்தைப் பார்த்துக் குறிப்பதன்று. திருச்சபையின் அட்டவணைப்படி கணக்கிடப்படுவது. இதன்படி ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிறாகவே இருக்கும். 1818இல் மார்ச் 22ஆம் நாளும், 1943இல் ஏப்ரல் 25ஆம் நாளும் அந்த இரு எல்லைகளைத் தொட்டன.

ஆர்த்தடாக்ஸ் சபைகள் வேறு நாளில் கொண்டாடுவது ஏன்?

கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை, 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி செய்த நாட்காட்டித் திருத்தத்தை ஈஸ்டர் கணக்கில் ஏற்கவில்லை. பழைய ஜூலியன் நாட்காட்டியின் மார்ச் 21 இன்று நமக்கு ஏப்ரல் 3 ஆகிறது. முழுநிலவு அட்டவணையும் வேறு. சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றுசேரும்: 2025இல் எல்லாருக்கும் ஏப்ரல் 20ஆம் நாளே ஈஸ்டர். 2024இல் மேற்கில் மார்ச் 31, கிழக்கில் மே 5.

தவக்காலம் நாற்பது நாட்கள் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் கூடுதலாக வருகிறதே?

மேற்கத்திய மரபில் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல், ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அவற்றுள் ஆறு ஞாயிறுகள் நோன்பு நாட்களாகக் கொள்ளப்படுவதில்லை. தவக்காலத்திலும் ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நாளே என்பதால் அவற்றைக் கழித்தால் நாற்பது கிடைக்கும். கிழக்கு மரபில் ஒரு திங்கட்கிழமை தொடங்கி, ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்னர் வரும் இலாசர் சனிக்கு முந்தைய வெள்ளி வரை ஞாயிறுகளையும் சேர்த்தே நாற்பது எண்ணுகிறார்கள். புனித வாரம் தனி நோன்பு.

எண்ணிக்கை ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் இரேனேயு எழுதிய கடிதத்தில், பாஸ்காவுக்கு (ஈஸ்டரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) முன் சிலர் ஒரு நாளும், சிலர் இரண்டு நாட்களும், சிலர் இன்னும் அதிகமாகவும், சிலர் நாற்பது மணி நேரமும் நோன்பிருப்பதாகக் குறிப்பிடுகிறார். நான்காம் நூற்றாண்டில்தான் நாற்பது நாள் வழக்கம் பரவலானது. சீனாய் மலையில் மோசே இருந்த நாட்கள், ஓரேபு மலைக்கு எலியா நடந்த நாட்கள், பாலைநிலத்தில் இயேசு சோதிக்கப்பட்ட நாட்கள் ஆகிய மூன்றும் நாற்பதே என்பதைத் திருச்சபை மறக்கவில்லை. மூன்று இடங்களிலும் நாற்பது நாட்களின் முடிவில் ஓர் அழைப்போ பணியோ காத்திருந்தது.

விவிலியம் தவக்காலத்தைக் கட்டளையிடுகிறதா?

இல்லை. அப்படி ஒரு கட்டளை புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே நேர்மை. உண்பதும் குடிப்பதும் நாட்களைக் கொண்டாடுவதும் குறித்து ஒருவரை ஒருவர் தீர்ப்பிடக் கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறார். 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சூரிச் நகர அச்சகத்தார் ஒருவரின் வீட்டில் சிலர் இறைச்சி உண்டபோது, உடனிருந்த குரு சுவிங்லி தாம் உண்ணாவிட்டாலும், உணவு பற்றிய கிறித்தவரின் விடுதலைக்காகப் பின்னர் மறையுரை ஆற்றினார். சுவிட்சர்லாந்தின் திருச்சபைச் சீர்திருத்தம் அங்கிருந்துதான் வேகம் பெற்றது.

ஆயினும் நோன்பு தேவையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு தருமம் செய்வதையும் இறைவேண்டலையும் நோன்பையும் பற்றிப் பேசும்போது, தம் சீடர்கள் இவற்றைச் செய்வார்கள் என்பதை இயல்பாகவே எடுத்துக்கொண்டு, எந்த மனநிலையோடு செய்ய வேண்டும் என்பதைத்தான் கற்பிக்கிறார். ஆகவே தவக்காலத்தைக் கடைப்பிடிக்காத சகோதரரைக் குறைவான விசுவாசி என்று கருதுவதும், கடைப்பிடிப்பவரைச் சடங்குவாதி என்று ஒதுக்குவதும் ஒரே அளவில் தவறானவை.

நோன்பில் எதை விட வேண்டும்?

கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சட்டம் மிகச் சிறியது. திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை நோன்பிருக்கக் கடமைப்பட்டவர்கள். 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் இது கட்டாயப்படுத்தாது. ஆர்த்தடாக்ஸ் மரபின் நோன்பு இதைவிட மிகக் கடுமையானது. இறைச்சியும் பாலும் முட்டையும் முழுக் காலத்துக்கும் விலக்கப்படும்.

ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையான விடை சட்டத்தில் இல்லை. இறைவாக்கினர் எசாயா நூலின் 58ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாங்கள் நோன்பிருந்தும் நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் முறையிடும்போது, நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று கடவுள் திருப்பிக் கேட்கிறார். பசித்தவருக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதும், தங்க இடமில்லாதவரை இல்லத்துக்கு அழைத்துவருவதும், நுகத்தை உடைப்பதுமே அவர் விரும்பும் நோன்பு. ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ இதையே தம் மறையுரைகளில் மிக எளிதாகச் சொன்னார்: நோன்பிருப்பவர் உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாக வேண்டும். விட்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டுப் பார்த்தால், நம் நோன்புகளில் பல தன்னைத்தானே சுற்றி வருவது தெரியும். உடல் எடையைக் குறைப்பதற்காகவோ மனவலிமையைச் சோதிப்பதற்காகவோ ஓர் உணவை விடுவது நல்ல பழக்கமாக இருக்கலாம். அதனால் பிறர் எவருக்கும் ஒரு கவளம்கூடக் கிடைக்கவில்லை என்றால், அதைத் தவக்கால நோன்பு என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுவது எதற்கு?

முந்தைய ஆண்டின் குருத்தோலை ஞாயிறன்று மந்திரிக்கப்பட்ட ஓலைகளை எரித்து எடுக்கும் சாம்பல் அது. "நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்னும் தொடக்கநூல் வாக்கையோ, மனம் மாறி நற்செய்தியை நம்பும்படி அழைக்கும் மாற்கு நற்செய்தியின் வாக்கையோ சொல்லிப் பூசுவார்கள். "ஓசன்னா" பாடிய அதே ஓலைதான் சாம்பலாகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், நம்முடைய புகழ்ச்சிப் பாடல்கள் எவ்வளவு விரைவில் உலர்ந்துபோகின்றன என்பதும் புரியும்.

ஈஸ்டர் பழைய பிற சமய வசந்த விழாவின் மறுவடிவம் என்கிறார்களே, உண்மையா?

வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கிறித்தவர்கள் பாஸ்காவைக் கொண்டாடியதற்கு இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுத்துச் சான்று இருக்கிறது. சர்தை நகர ஆயர் மெலித்தோ அந்த நூற்றாண்டில் ஆற்றிய பாஸ்கா மறையுரை, நெடுங்காலம் தொலைந்திருந்து 1940இல் அச்சேறியது. அதில் பேசப்படுவது எகிப்திலிருந்து விடுதலை, பாஸ்கா ஆட்டுக்குட்டியின் இரத்தம், இயேசுவின் சாவு, அவருடைய வெற்றி ஆகியவையே. பூக்களையோ பருவத் தெய்வங்களையோ மையமாகக் கொண்ட விழாவின் சாயல் அதில் இல்லை. வட ஐரோப்பிய மக்கள் கிறித்தவத்தைத் தழுவியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். ஆகவே அவர்களுடைய வசந்த வழிபாட்டிலிருந்து இந்த விழா பிறந்திருக்க வழியில்லை.

ஈஸ்டரோடு சேர்ந்த முட்டையும் முயலும் பிற்கால வழக்கங்கள். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுவதும் முட்டை விலக்கப்பட்டிருந்ததால், சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டர் நாளில் விருந்துக்கு வந்தன. அவற்றை வைத்துக்கொள்வதிலும் விட்டுவிடுவதிலும் விசுவாசத்துக்கு எந்த இழப்பும் இல்லை.

அப்படியானால் இளவேனிலுக்கும் உயிர்ப்புக்கும் தொடர்பே இல்லையா?

தொடர்பு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் இளவேனில் வேறு, விவிலியத்தின் இளவேனில் வேறு. வாழ்த்து அட்டைகளில் காணும் ஈஸ்டர், பனி உருகி மொட்டு விரியும் வட ஐரோப்பாவின் ஈஸ்டர். இயேசு வாழ்ந்த நாட்டில் குளிர்காலம் என்பது மழைக்காலம். ஏறத்தாழ அக்டோபரில் தொடங்கும் மழை ஏப்ரல் அளவில் நின்றுவிடும். "கார்காலம் கடந்துவிட்டது, மழை பெய்து ஓய்ந்துவிட்டது" என்று இனிமைமிகு பாடலில் காதலன் அழைப்பது இந்தப் பருவத்தில்தான். குன்றுகளில் செந்நிறக் காட்டுப்பூக்கள் பரவியிருக்கும். அதே வேளையில் வயலில் வாற்கோதுமை முற்றி நிற்கும்.

இந்த வாற்கோதுமையைக் கவனிக்காமல் ஈஸ்டரின் பருவத்தைப் புரிந்துகொள்ள முடியாது. எகிப்தில் கல்மழை பொழிந்தபோது வாற்கோதுமை கதிர்விட்டிருந்தது என்று விடுதலைப் பயணநூல் குறிப்பிடுகிறது. இஸ்ரயேலர் வெளியேறியதும் கதிர் முற்றும் அந்த மாதத்திலேயே. நாட்டுக்குள் வந்தபின் அறுவடையின் முதல் கதிர்க்கட்டைக் குருவிடம் கொண்டுவர வேண்டும் என்றும், அதை ஓய்வுநாளுக்கு மறுநாள் ஆண்டவர் திருமுன் அசைத்துக் காணிக்கையாக்க வேண்டும் என்றும் லேவியர் நூல் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டு ஏற்கப்பட்ட பின்புதான் மக்கள் புதிய விளைச்சலை உண்ணலாம். பாஸ்கா வாரத்தின் இந்தக் காணிக்கையை நன்கு அறிந்த பவுல்தான், இறந்தோருள் முதற்கனியாகக் கிறிஸ்து உயிருடன் எழுப்பப்பட்டார் என்று கொரிந்தியருக்கு எழுதினார். முதல் கட்டு வந்துவிட்டது என்றால் வயலில் மீதி நிற்கிறது என்று பொருள். இயேசுவின் உயிர்ப்பு அவர் ஒருவரோடு முடிந்துபோன அற்புதம் அன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

விவிலியத்தின் இளவேனிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பாலைநிலத்திலிருந்து வெப்பக்காற்று வீசத் தொடங்கியதும் குன்றுகளின் பசுமை சில நாட்களில் கருகிவிடும். புல் உலர்ந்துபோம், பூ வதங்கி விழும், நம் கடவுளின் வார்த்தையோ என்றென்றும் நிலைத்திருக்கும் என்று எசாயா பாடியதும், இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பில் எறியப்படும் காட்டுப்பூக்களை இயேசு சுட்டிக்காட்டியதும் இதனால்தான். அந்த நாட்டு மக்கள் இளவேனிலை நேசித்தார்கள், அதை நம்பியிருக்கவில்லை.

வசந்தம் திரும்பி வருவது உயிர்த்தெழுதலுக்குச் சான்று ஆகுமா?

முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமையிலிருந்து கொரிந்து சபைக்குக் கடிதம் எழுதிய கிளமெந்து, இரவு போய்ப் பகல் வருவதையும், விதை மண்ணில் சிதைந்து பின்பு பலவாக முளைப்பதையும் உயிர்ப்பின் அடையாளங்களாகக் காட்டினார். நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயர் சிரில், திருமுழுக்குக்குத் தயாரானவர்களுக்கு ஆற்றிய பதினான்காம் உரையில், உலகம் படைக்கப்பட்ட பருவமும் மீட்பர் எழுந்த பருவமும் ஒன்றே என்று இளவேனிலை வருணித்தார். இவை அழகான எண்ணங்கள். இவற்றைக் கைவிட வேண்டியதில்லை.

ஆனால் அடையாளத்தைச் சான்றாக மாற்றினால் உயிர்ப்பின் பொருளே மாறிவிடும். மரம் குளிர்காலத்தில் சாவதில்லை. அதன் உயிர் வேரிலும் தண்டிலும் அடங்கியிருக்கிறது. கல்லறையில் வைக்கப்பட்ட இயேசு அப்படி உறங்கிக் கிடக்கவில்லை. அவர் உண்மையாகவே இறந்தார். அவருக்குள் மிச்சமிருந்த உயிராற்றல் ஒன்று மீண்டும் துளிர்த்ததாகப் புதிய ஏற்பாடு சொல்வதில்லை. கடவுள் அவரை எழுப்பினார் என்றே மீண்டும் மீண்டும் அறிவிக்கிறது. மேலும், இளவேனில் வந்தால் அடுத்த குளிர்காலமும் வரும். பூத்த மரம் மீண்டும் இலையுதிர்க்கும். சாவிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி இறப்பதில்லை, சாவு இனி அவர்மீது ஆட்சி செலுத்தாது என்று உரோமையர் ஆறாம் அதிகாரம் சொல்வது, பருவங்களின் சக்கரத்துக்குள் அடங்காத செய்தி. சுழற்சியை முறிப்பது எதுவோ, அதையே நாம் ஈஸ்டர் அன்று பாடுகிறோம்.

விதையைப் பற்றிய பவுலின் வாதமும் இதற்கு இசைந்ததே. நீ விதைப்பது முளைத்து வளர்ந்த உடல் அன்று, வெறும் மணியே; அதற்கு உடலைக் கொடுப்பவர் கடவுள் என்கிறார். தொடர்ச்சியும் உண்டு, எண்ணிப் பார்க்க முடியாத புதுமையும் உண்டு என்பதே அவர் சொல்ல வந்தது.

தவக்காலம் தேவைப்படுவதும் இதனால்தான். இளவேனில் நாம் கேட்காமலே வரும். மனமாற்றம் அப்படித் தானாக வருவதன்று. உடைகளை அல்ல, உள்ளத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பி வாருங்கள் என்று இறைவாக்கினர் யோவேல் அழைப்பது, நாட்காட்டி நகர்ந்தால் போதும் என்று காத்திருப்பவர்களுக்கு எதிரான குரல்.

பூமியின் தென்பாதியில் ஈஸ்டர் இலையுதிர்காலத்தில் அல்லவா வருகிறது?

ஆம். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் ஈஸ்டர் வரும்போது பகல் குறைந்துகொண்டிருக்கும். ஆண்டு முழுதும் வெப்பம் மாறாத நாடுகளிலோ இத்தகைய பருவமாற்றமே தெரியாது. அங்குள்ள கிறித்தவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. உயிர்ப்பு பருவத்தைச் சார்ந்ததாக இருந்திருந்தால்தான் இழப்பு இருந்திருக்கும். இன்னொன்றும் சொல்லலாம்: ஆஸ்திரேலியாவில் கோதுமை விதைப்பது இலையுதிர்காலத்தில்தான். "கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால் அது அப்படியே இருக்கும், அது மடிந்தால்தான் மிகுந்த விளைச்சலை அளிக்கும்" என்று இயேசு தம் சாவைக் குறித்துச் சொன்ன வாக்கை, விதைப்புக் காலத்தில் ஈஸ்டர் கொண்டாடும் ஓர் உழவர் நம்மில் பலரைவிட நன்றாகவே உணரக்கூடும்.

பாஸ்கா திருவிழிப்பு அவ்வளவு முக்கியமானதா?

ஈஸ்டருக்கு முந்தைய இரவில் நடக்கும் இந்த வழிபாடு, ஆண்டின் மற்ற எந்த வழிபாட்டையும்விட முக்கியமானது. இருளில் புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, அந்த ஒரு சுடரிலிருந்து எல்லாரும் ஒளி பெறுகிறார்கள். கத்தோலிக்க முறையில் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழும் புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டுமாக ஒன்பது வாசகங்கள் உண்டு. நேரம் கருதிச் சிலவற்றை விட்டாலும், செங்கடலைக் கடந்த வரலாற்றை விடக் கூடாது. முதல் வாசகம் உலகப் படைப்பு. ஒளி தோன்றுக என்ற முதல் சொல்லை இருட்டில் நின்று கேட்பதற்கு நிகரான மறையுரை இல்லை. பின்பு திருமுழுக்கு நடைபெறும். தொடக்கத் திருச்சபையில் தவக்காலத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு, இந்த இரவில் திருமுழுக்குப் பெறப்போகிறவர்களின் தயாரிப்புக்கு உண்டு. நூற்றாண்டுகளின் போக்கில் இந்த வழிபாடு சனிக்கிழமைக் காலைக்கு நகர்ந்து, பகல் வெளிச்சத்தில் பொருளிழந்து நின்றது. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார்.

ஈஸ்டர் அன்று எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இறந்தவரின் நினைவுதான் வருகிறது. என் விசுவாசத்தில் குறையா?

குறை இல்லை. உயிர்ப்பின் காலையில் நற்செய்திகள் காட்டும் முகங்களைப் பாருங்கள். மகதலா மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருக்கிறார். இயேசுவையே பார்த்தும் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள், பெண்கள் நடுங்கி ஓடியதோடும், அச்சத்தால் எவரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்ததோடும் முடிகின்றன. எம்மாவுக்குச் சென்ற இரு சீடர்கள், உயிர்த்தவர் உடன் வந்து நடந்தபோதும் வாடிய முகத்தோடுதான் நின்றார்கள். தோமா ஒரு வாரம் முழுவதும் நம்ப மறுத்தார். அந்த வாரத்தில் மற்ற சீடர்கள் அவரை வெளியே அனுப்பிவிடவில்லை, எட்டாம் நாள் அவர் அவர்களோடுதான் இருந்தார். அப்போது இயேசு அவருக்குக் காட்டியது தம் காயங்களை. உயிர்த்த உடலிலும் ஆணிகளின் தழும்பு இருந்தது.

திருச்சபையும் இந்த மகிழ்ச்சியை ஒரே நாளில் எவரிடமும் எதிர்பார்ப்பதில்லை. பாஸ்கா காலம் பெந்தக்கோஸ்து வரை ஐம்பது நாட்கள் நீள்கிறது. தவக்காலத்தைவிட அது நீளமானது. அந்த நாட்களில் முழந்தாளிடாமல் நின்றுகொண்டே மன்றாட வேண்டும் என்று நீசேயா சங்கத்தின் இருபதாம் விதி கூறுகிறது. துக்கத்தில் இருப்பவர் பாட முடியாவிட்டால், பாடுகிறவர்களின் நடுவே நின்றால் போதும். உங்கள் சபையில் அப்படி ஒருவர் நின்றால், அவரைத் தேற்றும் வாக்குகளை உடனே தேடாமல், அந்த ஐம்பது நாட்களும் அவர் அருகில் நில்லுங்கள்; இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரோடு சேர்ந்து மன்றாடுங்கள்.